ஆமியைப் பற்றி எங்கட கட்சிக்கு என்ன கொள்கை?

2025 மே மாத உள்ளூராட்சித் தேர்தலுக்கு ஒரு கிழமை இருக்கும்போது, அளவெட்டியில் எங்கட வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு நாலு பேர் வந்தார்கள். தமிழ்க் கட்சி ஒன்றின் ஆக்கள். வேட்பாளருக்கு முப்பது வயது இருக்கும். துண்டுப்பிரசுரத்தைத் தந்துவிட்டுத் திரும்பப் பார்த்தவரை அம்மாவின் தம்பி, அதாவது என்ர மாமா, மறித்தார்.

"தம்பி, ஆமியைப் பற்றி உங்கட கட்சி என்ன சொல்லுது?"

"வடக்கில இருந்து வெளியேற வேணும், காணியளை விட வேணும். அதுதான் அண்ணை எங்கட நிலைப்பாடு."

"அது எனக்குத் தெரியும். அதுக்குப் பிறகு?"

வேட்பாளர் சிரித்தார். "அண்ணை, இது பிரதேச சபைத் தேர்தல்."

நாங்களும் சிரித்தோம். மாமா சிரிக்கவில்லை. அவர்கள் போன பிறகும் துண்டுப்பிரசுரத்தின் இரண்டு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கேட்டது உள்ளூராட்சிக் கேள்வி இல்லை என்பது உண்மைதான். ஆனால் பாராளுமன்றத் தேர்தலிலும் அதே கேள்விக்கு அதே பதில்தானே வருகுது என்று எனக்குப் பட்டது. தெற்கில் எந்தப் பெரிய கட்சியை எடுத்தாலும் படையினருக்கென்று ஒரு தனி அத்தியாயம் வைத்திருக்கும். தேசிய மக்கள் சக்தி ஓய்வுபெற்ற முப்படையினரைத் தனி அமைப்பாகவே திரட்டியது. அதிலிருந்து வந்த ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல் அருண ஜயசேகர இப்போது பிரதிப் பாதுகாப்பு அமைச்சர். எங்கட பக்கத்தில் ஒரே ஒரு வரி: வெளியேறு.

அந்த ஒரு வரி எப்படி வந்தது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை. பெரும்பாலும் இலங்கைத் தமிழரசுக் கட்சியைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அதுதான் பழைய கட்சி. தந்தை செல்வா நின்ற காங்கேசன்துறைத் தொகுதி எங்களுக்குப் பக்கத்து வளவு மாதிரி.

முதலில் ஒரு தற்செயல். இலங்கை இராணுவம் தொடங்கப்பட்டது 1949 ஒக்ரோபர் 10. தமிழரசுக் கட்சி தொடங்கப்பட்டது 1949 டிசம்பர் 18, கொழும்பு மருதானையில். இரண்டுக்கும் இடையில் பத்துக் கிழமை. ஒரே வருசம் பிறந்த இரண்டு பிள்ளைகள். ஆனால் கட்சிக்கு அந்தப் படை பிறந்ததே கண்ணில் பட்ட மாதிரித் தெரியவில்லை. ஏன் பட வேண்டும் என்றும் கேட்கலாம். அன்றைக்கு அது சின்னப் படை. முதல் தளபதி பிரித்தானியர், அடுத்தவரும் பிரித்தானியர். 1947 நவம்பரில் கையெழுத்தான பாதுகாப்பு உடன்படிக்கையின்படி திருகோணமலைத் துறைமுகமும் கட்டுநாயக்க விமானத்தளமும் பிரித்தானியரின் பாவனையில் இருந்தன. நாட்டின் பாதுகாப்பு என்றால் வெள்ளைக்காரன்ர கப்பல் என்றுதான் சனம் நினைத்தது.

கட்சி கேட்டது சமஷ்டி. சமஷ்டியின் பாடப்புத்தக இலக்கணத்தில் பாதுகாப்பு, வெளிவிவகாரம், நாணயம் எல்லாம் மத்திக்குரியவை. அதைக் கட்சி அப்படியே ஏற்றுக்கொண்டது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் தி.மு.க. 1962இல் சீன யுத்தம் வந்தவுடன் பிரிவினைப் பேச்சை நிறுத்தி, பிறகு மாநில சுயாட்சி என்று கேட்டபோதும் பாதுகாப்பை மத்திய அரசிடமே விட்டது. ஆனால் இந்தியப் படையில் மெட்றாஸ் றெஜிமென்ற் என்று ஒன்று இருந்தது. தமிழர் அதில் இருந்தார்கள். பாதுகாப்பை மத்தியிடம் விடுவது ஒரு விசயம். அந்த மத்தியின் படையில் ஆர் இருப்பது என்பது இன்னொரு விசயம். எங்கட கட்சி முதலாவதைச் சொன்னது, இரண்டாவதைக் கேட்கவில்லை.

கேட்கத் தேவையில்லை என்று நினைத்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. 1955 பெப்ரவரியில் இலங்கை இராணுவத்துக்கு முதல் உள்நாட்டுத் தளபதி நியமிக்கப்பட்டார். அவர் ஒரு தமிழர்: அன்ரன் முத்துக்குமாரு. ஒக்ஸ்போர்ட்டில் படித்த சட்டத்தரணி. 1959 முடியும்வரை அவர்தான் தளபதி. 1960இல் கடற்படைத் தளபதியானவர் ராஜன் கதிர்காமர், அவரும் தமிழர். 1970வரை பதவியில் இருந்தார். அதிகாரிகள் மட்டத்தில் தமிழரும் பறங்கியரும் தங்கள் சனத்தொகைப் பங்கைவிடக் கூடுதலாகவே இருந்தார்கள். இதை இன்றைக்குப் பள்ளிக்கூடப் பெடியளிடம் சொன்னால் பகிடி விடுகிறாய் என்பார்கள்.

ஆனால் அது மேல்தட்டு. கொழும்பில் பெரிய பள்ளிக்கூடங்களில் ஆங்கிலத்தில் படித்தவர்களின் தட்டு. யாழ்ப்பாணக் கிராமத்துப் பெடியனுக்குக் கனவு கிளறிக்கல் சோதினை, ஆசிரியர் கலாசாலை, ஸ்ரேஷன் மாஸ்ரர். படைக்குப் போறதை வீட்டில் பெருமையாய்ப் பார்த்ததில்லை. கட்சி அரச சேவையில் தமிழரின் பங்குக்காகச் சண்டை பிடித்ததென்றால், அதில் எழுதுவினைஞர் வேலைதான் முன்னுக்கு நின்றது. துவக்குத் தூக்கிற வேலை உத்தியோகமாகவே கணக்கில் வரவில்லை.

இதுக்குள்ளே வடக்குக்கு ஆமி வந்துவிட்டது. 1952இல் 'ஒப்பரேஷன் மொன்ரி' என்ற பெயரில். வேலை என்ன? இந்தியாவில் இருந்து தோணியில் வருபவர்களைப் பிடிப்பது. கள்ளத்தோணி பிடிக்கிற படை. 1963இல் இது சட்டவிரோத குடியேற்றத் தடுப்புச் சிறப்புப் படையாக விரிவாகி 1981வரை இருந்தது. எங்கட கரையில் நின்ற ஆமிக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலையே தமிழ் பேசி வாற ஒருவனைச் சந்தேகிப்பதுதான். அதே காலத்தில் கட்சி மலையகத் தமிழரின் குடியுரிமையைத் தன் முதன்மைக் கோரிக்கைகளில் ஒன்றாக வைத்திருந்தது. 1956 ஓகஸ்ட் திருகோணமலை மாநாட்டின் நாலு கோரிக்கைகள் எல்லாருக்கும் பாடம்: சமஷ்டி, மொழிச் சமத்துவம், மலையகத் தமிழரின் குடியுரிமை, அரச குடியேற்றத்தை நிறுத்துவது. அதில் படை இல்லை. 1957 யூலை 26 பண்டா – செல்வா ஒப்பந்தத்தில் பிராந்திய சபைகளுக்குப் பட்டியலிட்ட விசயங்கள் விவசாயம், காணி, கல்வி, சுகாதாரம், மீன்பிடி, வீதி என்று நீளமாய்ப் போகும். பொலிஸும் இல்லை, படையும் இல்லை.

பாதுகாப்புக் கொள்கை சாதாரணச் சனத்தின் சோற்றுக் கோப்பைக்குள் எப்படி வந்து விழும் என்பதற்கு அடுத்த வருசமே உதாரணம் கிடைத்தது. பண்டாரநாயக்க 1957இல் திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியரிடம் இருந்து திரும்ப எடுத்தார். இடதுசாரிகள் நெடுங்காலமாகக் கேட்டது அது. நாட்டின் இறைமைக்கு நல்ல விசயம்தான். ஆனால் தளம் மூடப்பட்டதும் அங்கே வேலை செய்த தமிழ்த் தொழிலாளர் தெருவுக்கு வந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 400 பேரைப் பொலநறுவைப் பக்கம் குடியேற்ற அரசாங்கம் திட்டம் போட்டது. அங்கே இருந்த சிங்களக் குடியேற்றவாசிகளிடையே கொதிப்பு. 1958 மே கலவரம் பொலநறுவைப் பக்கம் வெடித்ததற்கு இதுவும் ஒரு காரணம். மே 27 அவசரகாலச் சட்டம் வந்தது. தமிழரசுக் கட்சி தடை செய்யப்பட்டது. தலைவர்கள் காவலில் வைக்கப்பட்டார்கள். கலவரத்தை அடக்க இறங்கிய இராணுவத்தின் தளபதி அன்ரன் முத்துக்குமாரு. தமிழ்த் தளபதி ஒருவரின் படை தெருவில் நிற்க, தமிழ்க் கட்சி தடைக்குள். மேலே ஒரு தமிழர் இருந்தால் போதும் என்ற கணக்குப் பிழைத்த நாள் அது என்று நான் நினைக்கிறேன்.

1961ஐக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

பெப்ரவரி 20 யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் தொடங்கியது. சிங்களம் மட்டும் நிர்வாகத்துக்கு எதிராகச் சனம் பாதையில் குந்தியிருந்தது. பிறகு வடக்குக் கிழக்கின் மற்றக் கச்சேரிகளுக்கும் பரவி, அரச நிர்வாகம் கிட்டத்தட்ட நின்றே போனது. ஏப்ரல் 14 கட்சி தன்னுடைய சொந்தத் தபால் சேவையைத் தொடங்கி முத்திரையும் வெளியிட்டது. காந்திய வழியில் போன ஒரு கட்சி அரசொன்று செய்யிற வேலையைச் செய்து காட்டியது. மூன்று நாளைக்குள், ஏப்ரல் 17, அவசரகால நிலை பிரகடனம். இரவோடிரவாக இராணுவம் இறங்கி, இருந்தவர்களை அடித்துக் கலைத்தது. செல்வநாயகமும் மற்றத் தலைவர்களும் கைதாகி, கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கும் பனாகொடை இராணுவ முகாமில் மாதக் கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள்.

பனாகொடையை நினைத்தால் எனக்கு ஒரு விசயம் விளங்குவதில்லை. ஒரு கட்சியின் முழுத் தலைமையும் இராணுவ முகாம் ஒன்றுக்குள் மாதக் கணக்கில் இருந்தது. காலையில் அணிவகுப்பு, சென்ரி மாறுவது எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்த்திருப்பார்கள். அங்கே நின்ற சிப்பாய் எந்த மொழி பேசினான், எந்த ஊரில் இருந்து வந்தான் என்றும் கண்டிருப்பார்கள். அந்த அனுபவம் கட்சியின் கோரிக்கையில் ஒரு வரியாகக்கூட மாறவில்லை. 1965 மார்ச் 24 டட்லி – செல்வா ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கோ. தமிழ் மொழி நிர்வாகம், நீதிமன்ற மொழி, மாவட்ட சபை, காணி வழங்குவதில் முன்னுரிமை. நல்ல கோரிக்கைகள். ஆனால் அதுக்குள்ளே படை மாறிக்கொண்டிருந்தது.

எப்படி மாறியது? 1962 யனவரி 27 ஒரு இராணுவச் சதி முயற்சி பிடிபட்டது. அதில் சம்பந்தப்பட்ட இராணுவ, பொலிஸ் அதிகாரிகளில் பெரும்பாலானோர் கிறிஸ்தவர்கள். சிங்களவர், பறங்கியர், தமிழர் எல்லாரும் இருந்தார்கள். குற்றவாளிகள் என்று தீர்க்கப்பட்டவர்களைப் பிறகு 1965இல் லண்டன் பிரிவி கவுன்சில் விடுவித்தது. ஆனால் அரசாங்கம் எடுத்த பாடம் வேறை: அதிகாரிகளாய் சிங்கள பௌத்தர்களைச் சேர். அதே வருசம் டிசம்பரில் புதிதாக ஒரு காலாட்படைப் பிரிவு உருவானது. பெயர் கெமுனு. எல்லாளனை வென்ற துட்டகைமுனுவின் பெயர். 1956இல் உருவான பிரிவுக்குச் சிங்கத்தின் பெயர். பின்னால் 1983இல் கஜபாகு அரசனின் பெயரில் கஜபா. பெயர்ப்பலகையைப் பார்த்தாலே உள்ளே ஆருக்கு இடம் என்று தெரியும்.

கட்சி இந்த நேரம் எங்கே இருந்தது? 1965 முதல் 1968வரை டட்லி அரசாங்கத்துக்குள். மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சர். ஆட்சேர்ப்பைப் பற்றிக் கேட்கக்கூடிய கதிரை ஒன்று கையில் இருந்தது என்றால் அது அந்த மூன்று வருசம்தான். மாவட்ட சபை மசோதா பறிபோனதைப் பற்றி எங்கட அரசியல் எழுத்தாளர்கள் பக்கம் பக்கமாய் எழுதியிருக்கிறார்கள். படைக்கான ஆட்சேர்ப்பு பறிபோனதைப் பற்றி அந்த அளவுக்கு எழுதியதில்லை. பறிபோனது என்று சொல்லுவதும் பிழை. நாங்கள் கேட்டால்தானே பறிபோக.

1971 மார்ச்சில் அரசியல் நிர்ணய சபையில் உடுவில் எம்.பி. வி. தர்மலிங்கம் சமஷ்டித் திருத்தத்தை முன்வைத்தபோதும் பாதுகாப்பு மத்திக்குத்தான். அது தோற்றது. 1972 குடியரசு யாப்பு வந்தது. செல்வநாயகம் பதவியைத் துறந்து, 1975 பெப்ரவரி இடைத்தேர்தலில் காங்கேசன்துறையில் கம்யூனிஸ்ட் கட்சியின் வி. பொன்னம்பலத்தை எதிர்த்து நின்று 16,000க்கு மேற்பட்ட பெரும்பான்மையால் வென்றார். 1976 மே 14 பண்ணாகத்தில் வட்டுக்கோட்டைத் தீர்மானம். பண்ணாகம் எங்களுக்குச் சைக்கிளில் போற தூரம்.

வட்டுக்கோட்டைத் தீர்மானம் தனி அரசு கேட்டது. தனி அரசு என்றால் பாதுகாப்பை மத்திக்கு விட மத்தியே கிடையாது. அப்ப அந்த அரசுக்குப் படை ஆர்? ஆர் சேருவது, ஆர் சம்பளம் கொடுப்பது, கால் போனவனை ஆர் பார்ப்பது? தீர்மானம் இதையெல்லாம் தொடவில்லை. இளைஞர்கள் புனிதமான விடுதலைப் போராட்டத்தில் முழுமையாகக் குதிக்க வேண்டும் என்று மட்டும் அழைத்தது. மேடையில் இருந்தவர்கள் வேட்டியோடு வீட்டுக்குப் போனார்கள். அழைப்பைக் கேட்ட பெடியள் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டார்கள். 1977 யூலையில் கூட்டணி 18 ஆசனம் வென்று அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். 1979 யூலையில் பயங்கரவாதத் தடைச் சட்டம். பிரிகேடியர் வீரதுங்கவை வருச முடிவுக்குள் எல்லாவற்றையும் துடைத்து முடிக்கச் சொல்லி யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். 1983 யூலை 23 திருநெல்வேலியில் 13 படையினர் கொல்லப்பட, தெற்கில் தமிழர் மேல் விழுந்ததைப் பற்றி இங்கே விவரிக்கத் தேவையில்லை.

1983 கடைசியில் தான் அந்தக் கேள்வி முதல்முறையாக ஒரு பேச்சுவார்த்தைத் தாளில் ஏறியது. இந்தியத் தூதர் ஜி. பார்த்தசாரதியின் முயற்சியில் உருவான 'இணைப்பு சி' என்ற யோசனைகள். ஆயுதப் படைகள் நாட்டின் இன விகிதத்தைப் போதியளவு பிரதிபலிக்க வேண்டும், வடக்குக் கிழக்கின் உள்ளகப் பாதுகாப்புக்கான பொலிஸ் அந்தப் பிரதேசத்தின் விகிதத்தைப் பிரதிபலிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. சரியான கேள்வி, ஆனால் இருபது வருசம் பிந்திய கேள்வி. அந்த நேரத்தில் ஆமியில் சேர எந்தத் தமிழ்ப் பெடியன் போவான்? யாழ்ப்பாணத்தில் சேர வேறு அஞ்சாறு இயக்கம் இருந்தது.

1987 யூலை 29 இந்திய – இலங்கை ஒப்பந்தமும் 13ஆவது திருத்தமும் பாதுகாப்பை மறுபடியும் கொழும்பிடமே வைத்தன. படை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு மட்டும் ஒரு வரி: 1987 மே 25 நிலவரப்படி இருந்த முகாம்களுக்குள். பிறகு வந்த எந்த ஆவணத்திலும் அவ்வளவு தெளிவான வரி நான் காணவில்லை.

மாமா ஏன் சிரிக்கவில்லை என்பது இதுக்குப் பிறகுதான் வருகுது.

1988 நவம்பரில் வடக்குக் கிழக்கு மாகாண சபைத் தேர்தல். ஈ.பி.ஆர்.எல்.எஃப். ஆட்சி, வரதராஜப்பெருமாள் முதலமைச்சர். இந்தியப் படை போகப்போகிறது என்று தெரிந்ததும், மாகாண சபையைக் காப்பாற்றப் படை வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். இந்தியாவின் ஆதரவோடு 1989இல் உருவானது தமிழ்த் தேசிய இராணுவம். தமிழ்க் கட்சி ஒன்று ஆட்சியில் இருந்தபடி கொண்டுவந்த ஒரேயொரு பாதுகாப்புக் கொள்கை இதுதான். அந்தக் கொள்கைக்குச் சனம் வைத்த பெயர் 'பிள்ளை பிடி'. றோட்டில், பஸ்ஸில், ரியூசன் வாசலில் பெடியளை ஏற்றினார்கள். சில கிழமைப் பயிற்சி, கையில் துவக்கு. இந்தியப் படை பகுதி பகுதியாக வெளியேற, புலிகள் அந்த முகாம்களை அடித்தார்கள். பலர் செத்தார்கள், பலர் துவக்கைப் போட்டுவிட்டு ஓடினார்கள். 1990 மார்ச் 1 பெருமாள் ஈழப் பிரகடனம் செய்தார். மார்ச் 24 கடைசி இந்தியச் சிப்பாயும் கப்பலேறினான். பிடிபட்ட பெடியளுக்குக் கப்பல் இல்லை.

மாமாவுக்கு அப்ப பதினேழு வயது. பகலிலும் வளவைத் தாண்ட விடவில்லை என்பார். ஏ.எல். படிக்க வேண்டிய பிள்ளை மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் இருந்து படித்தது. அவரோடு படித்த ஒருவர் திரும்பி வரவில்லை. யாரும் அவருக்கு விளக்கேற்றுவதில்லை. மாவீரர் பட்டியலிலும் இல்லை, அரசின் போர்வீரர் பட்டியலிலும் இல்லை, அவரைப் பிடித்துக்கொண்டு போனவர்களின் பட்டியலிலும் இல்லை.

பிறகு அந்தச் சொல் புலிகளுக்கும் வந்தது. 2006க்குப் பிறகு வன்னியில் வீட்டுக்கொருவர் என்று கட்டாயமாக எடுத்தார்கள். ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும்: புலிகள் தங்கள் படையினரைப் பராமரிக்கிற நிர்வாகம் ஒன்றை வைத்திருந்தார்கள். மாவீரர் குடும்பங்களுக்கு உதவி, உறுப்பிழந்தவர்களுக்கு நவம் அறிவுக்கூடம் போன்ற இடங்கள். 2009 மே மாதத்தோடு அதுவும் போனது. உறுப்பிழந்தவர்கள் இருந்தார்கள், நிறுவனம் இல்லை.

அளவெட்டிக்குப் படை வந்தது வேறொரு கதை. 1990 யூனில் யுத்தம் திரும்பத் தொடங்க, பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தது. 1995 யூலை 9 'முன்னேறிப் பாய்தல்' என்று இராணுவம் பலாலிப் பக்கத்தில் இருந்து இறங்கியது. அளவெட்டி, சண்டிலிப்பாய் எல்லாம் அதன் வழியில். சனம் நவாலிக்கு ஓடியது. அன்றைக்கே நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தில் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். சில நாளில் புலிகளின் எதிர்த்தாக்குதல், இராணுவம் பின்வாங்கியது. ஒக்ரோபர் 30 முழு வலிகாமமும் வெளியேறியது. எங்கட ஊர் திரும்பி வந்தது. வடக்கே மாவிட்டபுரம், காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி திரும்பி வரவில்லை. உயர் பாதுகாப்பு வலயம்.

இங்கேதான் தமிழரசுக் கட்சியின் இன்றைய ஒரு வரி பிறந்தது. அந்த வரியைக் குறைத்து மதிப்பிட நான் இதை எழுதவில்லை. 2013 ஏப்ரலில் வலிகாமத்தில் 6,381 ஏக்கரைப் படைத் தேவைக்குச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டினார்கள். மாவிட்டபுரத்து மாவை சேனாதிராசா தெல்லிப்பழையில் சனத்தோடு றோட்டில் இருந்தார். சம்பந்தனும் அவரும் நீதிமன்றம் போனார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட காணிச் சொந்தக்காரரும் வழக்குப் போட்டார்கள். 2015க்குப் பிறகு துண்டு துண்டாகக் காணி விடப்பட்டது. அந்த எதிர்ப்பு இல்லாவிட்டால் அந்த மண் இன்றைக்கு உறுதியோடு போயிருக்கும். தங்கட காணிக்குத் தாங்களே அடையாள அட்டை காட்டிப் போன சனத்துக்கு அந்த ஒரு வரிதான் பலம்.

ஆனால் அது காணியைப் பற்றிய வரி. ஆக்களைப் பற்றியது இல்லை. யுத்தம் முடிந்தபோது ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகள் அரசின் புனர்வாழ்வு முகாம்களுக்குள் போனார்கள். வெளியே வந்தவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, வேலை இல்லை, சிலருக்குக் கல்யாணமும் சரிவரவில்லை. 2015இல் ஊடகவியலாளர் வித்தியாதரன் முன்னின்று, முன்னாள் போராளிகள் ஜனநாயகப் போராளிகள் என்று கட்சியாகச் சேர்ந்து தமிழ்த் தேசியக் கூட்டமைப்பிடம் தேர்தலில் இடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. தனியாய்க் கேட்டார்கள், ஓர் ஆசனமும் இல்லை. மேடையில் ஈகம், தியாகம் என்று பேசுகிற கட்சிக்கு, உயிரோடு வந்து வாசலில் நின்றவனை என்ன செய்வதென்று தெரியவில்லை.

அந்த இடத்தை அரசே நிரப்பியது. சிவில் பாதுகாப்புத் திணைக்களம், பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழே, கிளிநொச்சி, முல்லைத்தீவில் பண்ணைகளிலும் முன்பள்ளிகளிலும் முன்னாள் போராளிகளை மாதச் சம்பளத்துக்கு எடுத்தது. தமிழ்க் கட்சிகள் இதை இராணுவமயமாக்கல் என்றன. சரிதான், அது இராணுவமயமாக்கல்தான். முன்பள்ளிப் பிள்ளைக்குப் படிப்பிக்கிறவரின் சம்பளம் பாதுகாப்பு அமைச்சில் இருந்து வரக்கூடாது. ஆனால் அந்தச் சம்பளத்துக்குப் பதிலாக வேறெந்தச் சம்பளம்? 2018 யூனில் விசுவமடுவில் அந்தப் பண்ணைகளுக்குப் பொறுப்பாய் இருந்த கேணல் ரத்னப்பிரிய பந்து மாற்றலாகிப் போனபோது, முன்னாள் போராளிகள் அவரைத் தோளில் தூக்கி அழுத படம் எல்லா இடமும் சுற்றியது. முகநூலில் 'துரோகம்' என்று எழுதியவர்கள் கன பேர். எனக்கு அப்ப பதினாறு வயது, நானும் அப்படி ஒரு கருத்தைப் போட்டேன். இப்ப அந்தப் படத்தைப் பார்த்தால் என்ர கண்ணில் படுவது மாசக் கடைசியில் கையில் காசு வந்த ஒரு குடும்பம்.

எழுதி வைத்திருந்தால் என்ன மாறும் என்று கேட்கலாம். இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தைப் பாருங்கோ. 2005 ஓகஸ்ட் 15 ஹெல்சிங்கி உடன்படிக்கையில் மாகாணத்தில் எத்தனை சிப்பாய் நிற்கலாம் என்று எண் போட்டே எழுதினார்கள்: 14,700. பொலிஸ் 9,100. இயக்கத்தின் 3,000 போராளிகளும் 840 ஆயுதங்களும் கணக்கில். போராளிக்கும், அரசியல் கைதிக்கும், பாதிக்கப்பட்ட பொதுமகனுக்கும் விவசாய நிலமோ வேலையோ உதவியோ கிடைக்க வேண்டும் என்றும் எழுதினார்கள். நிறைவேறியதில் ஓட்டை ஒடிசல் நிறைய. ஆனாலும் கேட்பதற்கு ஒரு தாள் இருந்தது. தென்னாபிரிக்காவில் 1994இல் மண்டேலாவின் கட்சிப் போராளிகளைப் பழைய படையோடு சேர்த்தார்கள். 1996இல் போராட்டத்துக்கு வாழ்க்கையைக் கொடுத்தவர்களுக்கென்று விசேட ஓய்வூதியச் சட்டம் வந்தது. எங்கட போரில் ஒரு பக்கம் முற்றாய்த் தோற்றது, அதனால் ஒப்பிட முடியாது என்று சிலர் சொல்லுவினம். உடன்படிக்கை கிடைக்காததற்கு அது காரணம். கட்சி தன்னுடைய சொந்தத் தாளில் எழுதாததற்கு அது காரணமாகாது.

தெற்கில் சட்டம் இருக்கிறது. 1999இன் ரணவிரு சேவா அதிகார சபைச் சட்டம், படையினரையும் அவர்களின் குடும்பங்களையும் பார்க்க. அது இருந்தும் 2017 நவம்பரில் ஊனமுற்ற முன்னாள் சிப்பாய்கள் கொழும்புக் கோட்டையில் ஜனாதிபதி செயலகத்துக்கு முன்னால் இருந்தார்கள். பன்னிரண்டு வருசச் சேவை முடியும் முன்னரே காயப்பட்டு விலகியதால் முழு ஓய்வூதியம் இல்லை என்பது அவர்கள் பிரச்சினை. பொலிசோடு இழுபறி. பொய்க்காலோடு றோட்டில் இருந்த அந்த ஆக்களைத் தொலைக்காட்சியில் பார்த்து எங்கட பக்கத்தில் சந்தோசப்பட்டவர்கள் உண்டு. விசுவமடுவில் பொய்க்காலோடு இருக்கிறவருக்கும் அவர்களுக்கும் பிரச்சினை ஒன்றுதான். அவர்களுக்குக் கேட்க ஒரு சட்டம் இருக்கு, இவருக்கு இல்லை.

2023 யனவரியில் அரசாங்கம் ஒரு கணக்குச் சொன்னது. இராணுவத்தின் 200,783 என்ற எண்ணிக்கையை 2024இல் 135,000 ஆகவும், 2030இல் 100,000 ஆகவும் குறைப்பதாக. அதாவது பாதிப் படை போகப்போகுது. எந்த முகாம் முதலில் மூடும்? வலிகாமம் வடக்கில் மூடும் காணி சொந்தக்காரனுக்கா, அரச பண்ணைக்கா? ஊர் திரும்பும் சிப்பாய்க்கு வேலை இல்லாவிட்டால் அவனுக்குக் காணி எங்கே கொடுக்கப்போகிறார்கள்? திருகோணமலைத் தளத் தொழிலாளருக்குக் காணி தேடப் போய் 1958இல் என்ன நடந்தது என்று மேலே எழுதினேன். மிஞ்சும் ஒரு இலட்சத்தில் தமிழ் பேசுகிறவர் எத்தனை பேர் இருக்க வேணும்? இருக்க வேணுமா, வேண்டாமா? வேண்டாம் என்றாலும் அது ஒரு கொள்கைதான். அதையாவது சொல்ல வேணும். சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தை மூடச் சொல்லிக் கேட்கும் நாளில், அங்கே வேலை செய்யும் முன்னாள் போராளிகளை எந்தத் திணைக்களத்துக்கு மாற்றச் சொல்லுவது?

மாவை 2025 யனவரியில் காலமானார். அவர் தலைமுறையோடு பனாகொடையை நேரில் கண்டவர்களைப் பார்த்த ஆக்களும் குறைந்துகொண்டு போகினம். மாமா அந்தத் துண்டுப்பிரசுரத்தின் வெறும் பக்கத்தில் இந்தக் கேள்விகளில் மூன்றைப் பென்சிலால் எழுதி, கலண்டருக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார். மாகாண சபைத் தேர்தல் வைத்தால் வேட்பாளர்கள் திரும்ப வருவினம். அது பிரதேச சபைத் தேர்தல் என்று அப்ப சொல்ல ஏலாது.